மானிப்பாய்க் கிறீன் வைத்தியரும் அவர் விட்டுச்சென்ற கடதாசிகளும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவுசெய்யும் இவ்வேளையில், மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் தெரிந்தெடுத்தவர் எமது கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். எமது சங்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். ஆயினும் உடற்கூற்றையும் இரசாயனத்தையும் தமிழிலே படித்துச் சோதனை எழுதிய எம்மில் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். அவர்தான் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அவரது பெயரை நான் முதலில் கேட்டது பாமன்கடையில் இருந்த எங்கள் வீட்டில். என் பேரனார் அரசாங்க அப்போதிக்கரியாக இருந்து இளைப்பாறியவர். அவருடைய பெரிய தகப்பனார் மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் படித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். பேரனாரின் அறையில் ஒரு ட்றங்குப் பெட்டி இருந்தது. அதனுள் மட்டை போன தடித்த புத்தகம் ஒன்றும், மங்கிய மையில் எழுதிய சில கொப்பிகளும் கிடந்தன. புத்தகத்தின் முதற் பக்கத்தில் இரணவைத்தியம் என்று அச்சிட்டிருந்தது. பள்ளிக்கூடச் சிறுமியாகிய எனக்கு அதன் பெறுமதி தெரியவில்லை. தெரிந்துகொண்ட காலத்தில் அந்தப் பெட்டி இல்லை. 1983 ஆடி மாதத்தில் அது வீட்டோடு போயிற்று.

இந்த வரலாற்றை எழுத முனைந்தபோது அந்தப் பெட்டிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஏனென்று கட்டுரையின் முடிவில் கூறுவேன்.

பிறப்பும் குடும்பமும்

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பத்தின் பண்ணைவீடு இருந்த இடம் கிறீன் ஹில் என்று அழைக்கப்பட்டது. பெரிய குடும்பம், சகோதர சகோதரிகள் பலர். தமையன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் 1898இல் ஒரே மாநகராக இணைத்ததில் முன்னின்றவர்; அந்நகரின் சென்றல் பார்க் உருவாக உழைத்தவர்களில் ஒருவர். சகோதரி லூசி, நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவில் பெயர்பெற்ற பெண்கள் பாடசாலை ஒன்றை நடத்தியவர். பெண்கள் பாடசாலையின் மலர் ஒன்றில் இதனைக் குறிப்பிடாமல் விடமுடியாது.

கிறீன் நியூயோர்க்கில் வைத்தியக் கல்வி கற்று 1845இல் பட்டம் பெற்றார். சத்திரசிகிச்சை வரலாற்றில் பெரும் திருப்பம் ஏற்பட்ட காலம் அது. 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி, அவரது சொந்த மாநிலத்தின் தலைநகராகிய பொஸ்ரனிலே, நோயாளிக்கு ஈதர் மணக்கக் கொடுத்து வலி தெரியாமல் கட்டியை அகற்றும் சிகிச்சை பலர் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது. அதுவரை சத்திரசிகிச்சை என்றால் நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, வைத்தியர் கத்தியோடு விரைந்து முடிக்கும் காரியமாகவே இருந்தது. ஈதர் வந்த அடுத்த ஆண்டிலே, 1847 ஏப்ரலில், கிறீன் அமெரிக்க மிஷனின் வைத்தியராகப் பொஸ்ரனிலிருந்து கப்பலேறினார். கப்பல் சென்னப்பட்டணம் வந்து சேரவே மாதங்கள் பல சென்றன. அவர் யாழ்ப்பாணத்தில் இறங்கியது ஒக்டோபர் மாதத்தில். அப்போது அவருக்கு வயது 25.

மானிப்பாயில்

யாழ்ப்பாணத்தில் மேல்நாட்டு வைத்தியம் அவரோடு தொடங்கவில்லை. 1820இலேயே டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்துவந்தார். இந்த ஸ்கடரின் பேர்த்திதான் வேலூரில் பெண்களுக்காக வைத்தியசாலையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் நிறுவிய டொக்டர் ஐடா ஸ்கடர். அவருக்குப் பின் டொக்டர் நேதன் வாட் வட்டுக்கோட்டையில் பணிபுரிந்தார். மூன்றாவதாக வந்தவர் கிறீன். சிறிது காலம் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அவ்வாண்டே சில இளைஞரைச் சேர்த்து வைத்தியம் பயிற்றத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பாடசாலை தோன்றியது 1870இல் என்பதை நினைத்துப் பார்த்தால், மானிப்பாய் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

அவர் முன்னால் வந்து நின்ற கூட்டத்தை எமது ஊர் அறிந்தவர்கள் மனதில் காணலாம். பனையிலிருந்து விழுந்து முறிந்தவர், கட்டி பழுத்தவர், ஆறாத புண்ணுடன் ஆண்டுக்கணக்காக நடந்தவர், கண் மறைந்தவர். நாட்டு வைத்தியர் கைவிட்ட பின்பே பலரும் வந்தனர். கத்தியைக் கண்டு பயந்து திரும்பிப் போனவரும் இருந்திருப்பர். கொள்ளைநோய் பரவிய காலங்களில் அவரும் மாணவரும் கிராமங்களுக்கே மருந்தோடு சென்றனர்.

அவரது மாணவர் முதலில் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்று வந்தவர்கள். செமினரியின் வழக்கப்படி அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைப் பெற்றவர்களும் அவர்களிடையே இருந்தனர். டான்போர்த், சப்மன், போல் என்ற பெயர்களைக் கண்டு அவர்களை வெள்ளைக்காரர் என்று எண்ணிவிடக்கூடாது. எல்லாரும் எமது கிராமத்துப் பிள்ளைகள். இவர்களோடு சுவாமிநாதரும் பின்னாளில் கிறீனுக்கு வலக்கையாக இருந்தனர்.

ஆங்கிலமா, தமிழா

இங்கேதான் கிறீனின் வாழ்க்கையில் முக்கியமான கேள்வி எழுந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த இளைஞர் நல்ல வைத்தியராயினர். ஆனால் படிப்பு முடிந்ததும் அரசாங்க உத்தியோகம் அவர்களை வெளியூர்களுக்கு இழுத்தது. யாருக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்தக் கிராமத்து மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அதைவிட இன்னொன்றும் அவர் மனதை உறுத்தியது. மேல்நாட்டு உடையும் பாவனையும் பழகிய இளைஞர் தம் சனங்களிடமிருந்து விலகிப்போவதை அவர் விரும்பவில்லை. தாம் சமயப்பணிக்கு வந்தவர் என்பதை ஒருபோதும் மறையாத அவர், தமிழரை ஐரோப்பியராக்குவது தம் வேலையன்று என்பதில் உறுதியாக இருந்தார். இது அவரது கடிதங்களில் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்தார். துணிவது எளிது. தமிழில் பாடப்புத்தகம் எங்கே? தாமே ஆக்கவேண்டியிருந்தது. அதற்கு முதலில் தமிழைக் கற்றார். முதற் பத்தாண்டு முடிவதற்குள் கற்றரின் உடற்கூற்று நூலை அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயரில் தமிழாக்கினார். 1857இல் மோன்செலின் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. இரண்டாவது நூலாகவே பிரசவத்தைத் தெரிந்தது கவனிக்கத்தக்கது. தாய்மார் மருத்துவிச்சியின் கையையே நம்பியிருந்த காலத்தில், சிக்கலான பிரசவம் என்றால் தாயையும் பிள்ளையையும் ஒருங்கே இழப்பது வழக்கமாக இருந்தது.

அந்த 1857ஆம் ஆண்டிலேயே அவர் இலங்கையை விட்டுத் தாயகம் திரும்பினார். 1862இல் மாகிறெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவரோடு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864இல் தமிழ்மூல வகுப்பு முறையாகத் தொடங்கியது. அவர் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள்.

இரணவைத்தியம்

1867இல் வெளிவந்தது எங்கள் ட்றங்குப் பெட்டியில் கிடந்த அந்த நூல். லண்டன் சத்திரவைத்தியர் றொபேட் டுறூயிற் எழுதிய கைநூலின் தமிழாக்கம் அது. மூலநூல் மிகவும் பெயர்பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்ட வீரரைக் கவனித்த படை வைத்தியர்களும் அதனையே பயன்படுத்தினர். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், அதே அறிவு யாழ்ப்பாணத்து இளைஞன் கையில் தமிழில் இருந்தது.

தலைப்பையே பாருங்கள். இரணம் என்றால் புண். எமது நாட்டு வைத்தியத்தில் பழகிய சொல். புதிய கலை ஒன்றுக்குப் பெயரிடும்போது, கிறீன் கிராமத்து நோயாளிக்கும் விளங்கும் சொல்லை எடுத்தார். இன்று நாம் வழங்கும் சத்திரசிகிச்சை என்பதில் கத்தி முன்னால் நிற்கிறது. அவரது சொல்லில் புண் முன்னால் நிற்கிறது.

அதே 1867ஆம் ஆண்டிலேதான் ஸ்கொற்லாந்தில் ஜோசப் லிஸ்டர், கிருமிகொல்லி மருந்திட்டுப் புண் அழுகாமல் காக்கும் தமது முறையைப் பத்திரிகையில் வெளியிட்டார். ஈதரால் வலி நீங்கியது. லிஸ்டரின் முறையால் அழுகல் நீங்கத் தொடங்கியது. நவீன சத்திரசிகிச்சை இந்த இரண்டின் மேலேதான் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில்தான் கிறீன் மானிப்பாயில் கத்தி எடுத்தார். உலகத்துச் சத்திரவைத்தியம் வளர்ந்துகொண்டிருந்தபோதே, பின்தங்காமல் தமிழும் அதனோடு கூட நடந்தது என்பதை எண்ணிப் பெருமைப்படலாம்.

1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என வந்தது. லண்டனில் மூலநூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றும் மருத்துவ மாணவர் மேசையில் கிறே இருக்கிறார். அவரைத் தமிழில் படித்த ஒரு வகுப்பு மானிப்பாயில் இருந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அங்காதிபாதம் என்ற சொல்லும் புலவரின் பாதாதிகேசத்தைச் செவியில் கொண்டுவருகிறது. அதே ஆண்டில் ஹூப்பரின் நூல் வைத்தியாகரம் என்ற பெயரிலும், 1875இல் வெல்சின் இரசாயன நூல் கெமிஸ்தம் என்ற பெயரிலும் வந்தன.

சொல்லாக்கத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் தேடினார். கிடைக்காவிடில் வடமொழியில் தேடினார். அங்கும் இல்லையெனின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றி எழுதினார். கெமிஸ்தம் அப்படிப் பிறந்தது. மாணவர் மொழிபெயர்ப்பர், அவர் பார்த்துத் திருத்துவார், மீண்டும் கூடி ஆராய்வர். இவ்வாறு வெளிவந்த பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. மொழிபெயர்ப்பாளரின் பெயர்களும் நூல்களில் இடம்பெற்றன.

இறுதிக் காலம்

1873இல் உடல்நலம் குன்றவே கிறீன் குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். திரும்பினாலும் வேலை நிற்கவில்லை. கிறீன் ஹில்லில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தினார். கைப்பிரதிகள் கடல் கடந்து போய்வந்தன. டால்ற்றனின் நூலாகிய மனுஷ சுகரணம் 1883இல், அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு, வெளிவந்தது. 1884 மே மாதம் 28ஆம் திகதி பிறந்த மண்ணிலேயே காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பதே அவரது விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமையன் கட்டிய நியூயோர்க்கை உலகம் அறியும். தம்பி தமக்கு வேறு ஊர் வேண்டும் என்று கல்லிலே எழுதி வைத்துவிட்டார்.

அவர் தொடங்கிய தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. மாணவர்கள் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தனர். கொழும்பில் ஆங்கிலத்தில் மருத்துவப் பாடசாலை வந்துவிட்டது. உத்தியோகமும் அங்கேதான் கிடைத்தது. பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கும் எந்தப் பெற்றாரும் எதனைத் தெரிவார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதே வழியால் வந்தவளே. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நின்றது. பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. வகுப்பு மட்டும் மறைந்துபோயிற்று.

எங்கள் பங்கு

எமது கல்லூரியில் உயர்தர வகுப்பில் விலங்கியலைத் தமிழில் படித்தேன். அதன்பின் மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். தமிழில் படித்ததெல்லாம் வீண் என்று அப்போது நினைத்ததுண்டு. பயிற்சி வைத்தியராகச் சத்திரசிகிச்சை வாட்டில் முதல் வேலைக்குப் போனபோது, மலையகத்திலிருந்து வந்த ஒரு வயோதிப மாதுக்கு அடுத்த நாள் பித்தப்பையை அகற்ற இருந்தோம். என்னத்தை வெட்டப் போகிறீர்கள், அது இல்லாமல் நான் உயிரோடு இருக்கலாமா என்று அவர் கேட்டார். பெரிய வைத்தியருக்கோ தாதிக்கோ அவரது மொழி தெரியாது. எனக்குக் கைகொடுத்தது மருத்துவ பீடத்தில் படித்ததன்று. எமது விலங்கியல் ரீச்சர் கரும்பலகையில் வரைந்து பெயர் குறித்த படம்தான். பித்தம், ஈரல், குடல் என்று ஒரு கடதாசியில் கீறிக் காட்டினேன். அந்த அம்மா தலையசைத்து, கைநாட்டு வைத்தார். தமிழில் ஏன் என்ற கேள்விக்குக் கிறீன் கண்ட விடை அன்றுதான் எனக்கு விளங்கியது. கத்தி யாருடைய உடலில் படப்போகிறதோ அவருக்கு அது விளங்கவேண்டும்.

இனி ட்றங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

கிறீனைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிவதற்குக் காரணம், அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்களை அவர்கள் எறிந்துவிடாமல் வைத்திருந்ததே. அவர் இறந்து ஏழு ஆண்டுகளில், 1891இல், எபனேசர் கட்லர் என்பவர் அவற்றிலிருந்து தொகுத்து அவரது வாழ்க்கையும் கடிதங்களும் என ஒரு நூலாக்கினார். அமெரிக்க மிஷன் சபையின் பழைய பத்திரங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எமது பக்கத்திலே, கவிஞர் அம்பி என்று நாம் அறிந்த அம்பிகைபாகர் 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதி, மறந்துபோன பெயரை எமக்கு மீட்டுத் தந்தார். பின்னரும் பல ஆண்டுகள் அதே தேடலைத் தொடர்ந்தார்.

ஆனால் டான்போர்த்தின் கடிதங்கள் எங்கே? சப்மன் நோயாளரைப் பற்றி எழுதிய குறிப்புகள் எங்கே? கிராமங்களில் இருந்து சத்திரவைத்தியம் செய்த மற்றையோரின் கொப்பிகள் எங்கே? ஆசிரியரின் கடிதங்கள் அட்டவணையிட்டு இருக்கின்றன. மாணவரின் கடதாசிகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கறையான் சில தின்றது. வீடு மாறியபோது சில பழைய கடதாசிக்காரனுக்குப் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எதெது போனதோ. 1983இல் பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை ட்றங்குப் பெட்டிகள் எரிந்தன என்பதை எமது வகுப்புத் தோழிகளே அறிவர். அதனால் வரலாறு ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிறது. கத்தி பிடித்தவர்களில் ஒருவரின் குரலே எமக்குக் கேட்கிறது. மற்றவர்கள் பெயர்களாக மட்டும் நிற்கின்றனர்.

எரிந்தது போயிற்று. எஞ்சியது இன்னும் சிலரிடம் இருக்கலாம். எம் சங்கத்தவரில் தாதிகளாக, மருத்துவிச்சிகளாக, வைத்தியராக உழைத்தோர் எத்தனையோ பேர். தந்தையரும் பேரன்மாரும் அப்போதிக்கரிகளாக இருந்தவர்கள் அதைவிடப் பலர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று நீங்கள் ஒதுக்கி வைத்த கொப்பி ஒன்று இருக்கலாம். மருந்துக் கணக்கு, பிரசவக் குறிப்பு, வாட்டில் எடுத்த படம், நியமனக் கடிதம், எதுவாயினும் எறியவேண்டாம். ஈரமும் பூச்சியும் படாமல் வையுங்கள். படம் எடுத்து வையுங்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே இடுங்கள். பெயர் தெரியாத படம் இன்னும் பத்து ஆண்டில் வெறும் கடதாசி. நூலகம் நிறுவனம் போன்றவை இத்தகையவற்றை இலக்கமுறையில் பேணுகின்றன, அவர்களை நாடலாம். பொஸ்ரன் பக்கம் வாழும் சகோதரிகள் ஒரு நாள் வூஸ்ரருக்குப் போய், தமிழரின் பெயரைத் தாங்கிய அந்தக் கல்லறையில் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.

எமது சங்கம் நூறு ஆண்டுகள் நிலைத்ததற்கும் ஒரு பெட்டியே காரணம் என்று சொல்லலாம். முதற் கூட்ட அறிக்கையை யாரோ ஒரு பழைய மாணவி கவனமாக மடித்து வைத்தபடியால்தான் இது நூறாவது ஆண்டு என்று எமக்குத் தெரிகிறது.